சைனபியின் முப்பதாவது நோன்பு

அந்த வருஷத்து முப்பதாவது நோன்புக்கு எங்கள் தீவில் ஒரு பெயர் உண்டு. சைனபி நோன்பு என்பார்கள். சிலர் சிரித்துக்கொண்டு சொல்வார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். எனக்கு நோன்பு கிடையாது, பெருநாள் சோற்றில் மட்டும் பங்கு உண்டு. ஆனாலும் அதற்கு முந்தின இரவு சைனபி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்த ஒரே வெளியாள் நான்தான். அதனால் நடந்ததைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓடங்களுக்கு இன்ஜின் பார்க்க வந்தவன் நான். ஆறு மாசத்துக்கு என்று வந்து அப்போது இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. லட்சத்தீவுக்காரர்கள் வாயில் தமிழன் என்றால் பாண்டிக்காரன்; அவர்களுக்கு நான் இன்னும் பாண்டிக்காரன்தான். பட்டறை போட இடம் கொடுத்தவள் சைனபி. இங்கே வீடும் தென்னந்தோப்பும் பெண்ணுடையது. புருஷன் பகலெல்லாம் கடலிலோ தன் தாய் வீட்டிலோ இருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மனைவி வீட்டுக்கு வருவான். அவள் புருஷன் ஆற்றக்கோயாவும் முப்பத்தைந்து வருஷமாக அப்படி வந்துபோகிறவர்தான்.

சூரை மீன் பிடிக்கும் ஓடத்தில் முன்முனையில், அணியத்தில், நிற்கிறவருக்குத் தனி மரியாதை. விடியலில் பவளத்திட்டுக்கு உள்ளே வலை வீசிப் பிடித்த இரைமீனை உயிரோடு தொட்டியில் போட்டுக்கொண்டு ஓடம் திட்டைத் தாண்டும். அப்புறம் எல்லாம் அணியத்தில் நிற்கிறவர் கண்ணில் இருக்கிறது. தொலைவில் கடற்பறவைகள் எங்கே கூடிக் கூடி இறங்குகின்றனவோ அங்கேதான் சூரைக் கூட்டம். அவர் கை நீட்டுகிற பக்கம் ஓடம் திரும்பும். ஆற்றக்கோயா கை நீட்டி ஒரு தரம்கூட ஓடம் வெறுமனே திரும்பியதில்லை என்று சொல்வார்கள். அது கொஞ்சம் பீற்றல். ஆனால் அந்தக் கண்ணுக்காகத்தான் காஜியார் இருபத்தாறு வருஷமாக அவரைப் பிறை பார்க்கவும் கூப்பிட்டார். ஆற்றக்கோயா கண்டேன் என்றால் தீவே கண்டது மாதிரி.

அந்தக் கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒன்று சைனபி. ஒன்று ஆற்றக்கோயாவின் அக்காள் மகன் செறியகோயா. முப்பது வயது, நல்ல கண், அதைவிட நல்ல பணிவு. இரைத்தொட்டிப் பக்கம் நின்றபடியே அவன் மெதுவாக, "மாமா, வடக்கே, இல்ல?" என்பான். உடனே ஆற்றக்கோயா கை நீட்டி, "வடக்கே! கண்டேன்!" என்று கத்துவார். ஓடம் திரும்பும். மூன்றாவது ஆள் நான். இன்ஜின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக் கூடப் போகும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். நானும் வாயைத் திறக்கவில்லை. மனுஷன் பிழைத்துப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

இருபத்தொன்பதாவது நோன்பன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கரையில் மாசிக் கருவாட்டுக்காகச் சூரையை வேகவைக்கும் செம்பு அண்டாவுக்குள் உப்புத்தண்ணீர் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டாலே தொண்டை வறண்டது. ஒருவரும் உரக்கப் பேசவில்லை. சாயங்காலம் பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு; தெரிந்துவிடாதா என்று எல்லாரும் மனசுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். பொழுது இறங்குகிற நேரம் மேற்குக் கரையில் நூறு பேர் கூடிவிட்டோம். காஜியார் பூக்கோயா கைத்தடியை மணலில் ஊன்றி நின்றார். மேற்கே அடிவானத்தை ஒட்டி அழுக்குத் துணி விரித்த மாதிரி ஒரு மேகம்.

சூரியன் இறங்கியது. பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு எல்லாரும் மேலே பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர்களுக்கும் தெரியவில்லை. ஆற்றக்கோயா முன்னால் நின்றார். செறியகோயா அவர் தோளை ஒட்டி நின்று கண்ணை இடுக்கிக்கொண்டு, "மாமா, அந்த மேகத்துக்குத் தெக்கே, இல்ல?" என்றான்.

ஆற்றக்கோயாவின் கை நீண்டது.

"கண்டேன்! அல்ஹம்துலில்லாஹ்! தெக்கே!"

"ஆமா! கண்டேன்!" என்றான் செறியகோயாவும். நூறு கழுத்துகளும் அந்தப் பக்கம் திரும்பின. அதற்குள் மேகம் மூடிவிட்டது என்றார்கள்.

மஃரிப் தொழுகை முடிந்து பள்ளி வாசலில் சாட்சி கேட்டார்கள். பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும். காஜியார் இரண்டு பேரையும் சேர்த்தே உட்கார வைத்துக் கேட்டார். எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், கொம்பு எப்படிச் சாய்ந்திருந்தது. "சூரியன் எறங்கின எடத்துக்குத் தெக்கே. ரெண்டு வெரக்கடை ஒசரம். கொம்பு லேசா வடக்க சாஞ்சு" என்றார் ஆற்றக்கோயா, தடங்கலே இல்லாமல். செறியகோயாவைக் கேட்டபோது, "மாமா சொன்னபடிதான்" என்றான். இரண்டு பேரும் அல்லாஹ்மேல் ஆணையிட்டார்கள். காஜியார் தலையை ஆட்டி, "இஷா தொழுகைக்கு அப்புறம் நகரா அடிக்கலாம்" என்றார்.

பள்ளி முரசான நகராவை அடித்தால்தான் பெருநாள். ஆனால் செய்தி நகராவுக்குக் காத்திருக்குமா? நான் சைனபி வீட்டு முற்றத்துக்கு வந்து சேரும் முன்னே தெரு முழுக்க ஆட்டுரல் சத்தம் கேட்டது. இரண்டு வீடு தள்ளி ஹாஜராபி வீட்டில் ஆட்டை அறுத்தே விட்டார்கள். சைனபியும் கிலாஞ்சிக்கு அரிசியும் முட்டையும் சேர்த்து மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிலாஞ்சி பட்டுத்துணி மாதிரி மெல்லிசாக வர வேண்டும். தேங்காய்ப்பாலில் தென்னஞ்சர்க்கரையைக் கரைத்து அதில் தோய்த்துத் தின்றால் அதுதான் பெருநாள்.

"யாரு கண்டாங்களாம் பாண்டிக்காரரே?" என்று கேட்டாள், குழவியை விடாமல்.

"உங்க வீட்டுக்காரர்தான். வேற யாரு?"

குழவி நின்றுவிட்டது. அவள் கையைக் கழுவவில்லை. மாவுக்கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஆற்றக்கோயா தோளில் துண்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு வந்தார். வழியெல்லாம் சலாம் வாங்கிய முகம். "என்ன, மாவு ஆட்டுறத நிறுத்திட்டே? நாளைக்குக் கிலாஞ்சி வேண்டாமா?"

"எங்க பாத்தீங்க?"

"எதை?"

"பிறையத்தான். தெருவுல போற ஆட்டையா கேக்குறேன்?"

"சூரியன் எறங்கின எடத்துக்குத் தெக்கே. ரெண்டு வெரக்கடை..."

"அது காஜியாருக்குச் சொன்னது. எனக்குச் சொல்லுங்க."

"உனக்குத் தனியா ஒரு பிறையா வரும்?" என்று சிரிக்கப் பார்த்தார்.

"முந்தாநாள் கொடியில காஞ்ச சட்டைக்கு சலாம் சொன்னது யாரு? அதுவும் நின்னு, பதில் சொல்லலேன்னு கோவிச்சுக்கிட்டது யாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆற்றக்கோயாவுக்கு முகம் கறுத்தது. "கிட்டத்துலதான் மங்கல். தூரம் நல்லாத் தெரியும். கடல்ல இத்தனை நாளு என்ன, கண்ண மூடிக்கிட்டா நிக்கிறேன்?"

"தூரம் தெரியுதா? சரி. ஜெட்டி வெளக்கு எரியுதா இல்லையா, இங்கேருந்து பாத்துச் சொல்லுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். தென்னைகளுக்கு நடுவே ஜெட்டிப் பக்கம் இருட்டுதான் இருந்தது. முப்பது வருஷமாக அந்த இடத்தில் அந்த நேரத்தில் எரிகிற விளக்கு.

"எரியுது. நல்லாத்தான் எரியுது."

"பாண்டிக்காரரே, நீங்க சொல்லுங்க."

இந்த மாதிரி நேரத்தில் மனுஷன் தரைக்குள் போய்விடலாம் போலிருக்கும். "அதோட ஜெனரேட்டரு மூணு நாளா என் பட்டறையில கழட்டிக் கெடக்கு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஆற்றக்கோயா மெல்ல வாசல்படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துண்டின் முனையை முறுக்கிக்கொண்டிருந்தார். அப்புறம், "என் கண்ணு போச்சுன்னே வச்சுக்க" என்றார். "செறியன் கண்ணு போகலையே? அவன்தான் மொதல்ல கண்டான். எனக்குக் காட்டினான். ஓடத்துல காட்டுவான்ல, அது மாதிரி. அவன் கண்டத நான் சொன்னேன். பிறை பொய்யில்ல சைனபி. கண்டது யாரு கண்ணுங்கறதுலதான் வித்தியாசம்."

சைனபிக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கையை முந்தானையில் துடைத்தாள். சரியாக அந்த நேரத்தில்தான் செறியகோயா வந்தான். ஆடு உரிக்கக் கத்தி வாங்க வந்தவன், வாயெல்லாம் பல்.

"மாமி, அந்தப் பெரிய கத்தி இருக்கா?"

"இருக்கு" என்று எடுத்துக் கொடுத்தாள். "செறியா, நீ பிறை கண்டியா?"

"கண்டேனே மாமி. ஆணையிட்டில்ல வந்துருக்கேன்."

"மாமா கத்துறதுக்கு முன்னால கண்டியா, பின்னால கண்டியா?"

அவன் யோசித்தான். விகற்பமில்லாத பிள்ளை, உள்ளதைத்தான் யோசித்தான். "முன்னால ஒண்ணும் சரியாத் தெரியல மாமி. மேகத்துக்குத் தெக்கே கொஞ்சம் வெளுப்பா இருந்துச்சு. அதான் மாமாகிட்ட கேட்டேன்."

"கேட்டியா?" என்றார் ஆற்றக்கோயா.

"ஆமா மாமா. 'தெக்கே, இல்ல?'ன்னு கேட்டேன். நீங்க கண்டேன்னீங்க. அப்புறம் பாத்தா இருந்துச்சு."

"எது இருந்துச்சு?" என்றாள் சைனபி.

"மாமா சொன்னது."

"நீ எனக்குக் காட்டலையாடா?" ஆற்றக்கோயாவின் குரல் கிழிந்து வந்தது. "எப்பவும் காட்டுற மாதிரி காட்டலையா?"

"உங்களுக்கு நான் என்ன மாமா காட்டுறது? பறவைன்னா சரி, அது நமக்குள்ள உள்ளது. பிறையில உங்களுக்கு மிஞ்சின ஆளு யாரு? நீங்க கைய நீட்டினீங்க. அங்க இல்லாம இருக்குமா?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துகொண்டே போனது. சொல்லி முடித்தபோதுதான் தான் சொன்னது அவனுக்கே விளங்கியது. கத்தியை வாங்கியவன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

பக்கத்து வீட்டில் ஆட்டுரல் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"காஜியாரு தீர்ப்புச் சொல்லியாச்சு" என்றார் ஆற்றக்கோயா கடைசியில். "வெளியில தெரிஞ்சத வச்சுத்தான் அவரு தீர்ப்புச் சொல்லணும். சொன்னாரு. இனி பாவம்னா அவரு தலையில, புண்ணியம்னா அவரு தலையில. நாம வாய மூடிக்கிட்டு இருக்கலாம்."

"அவரு யாரு சொல்லித் தீர்ப்புச் சொன்னாரு? நீங்க சொல்லி. நீங்க யாரு சொல்லி? இவன் சொல்லி. இவன் யாரு சொல்லி? நீங்க சொல்லி. இதுல வானத்தப் பாத்தது யாருங்க?"

"ஏய், கொஞ்சம் மெதுவா..."

"ரெண்டாயிரம் பேரு நோன்பு. மாசமா இருக்கிற பொம்பளைங்க, காச்சக்காரங்க, எல்லாரும் வயித்தக் காயப்போட்டுப் பிடிச்ச நோன்பு. அதோட கடைசி நாள உங்க பேச்ச நம்பி முறிக்கப் போறாங்க."

"இப்பப் போய்ச் சொன்னா நாளைக்கு என்னை அணியத்துல நிக்க விடுவாங்களா?" அவர் கத்தினார். முதல் தடவையாக அவருக்குக் கண் கலங்கியதைப் பார்த்தேன். "கண்ணு தெரியாதவன்னு சொல்லிக் கரையில மாசி காயவைக்க உக்கார வச்சிருவாங்க. பொம்பளைங்களோட. அதான் உனக்கு வேணுமா?"

 சைனபிக்கும் அழுகை வந்தது. "எனக்கு அதுவா வேணும்?" என்றாள். "முப்பத்தஞ்சு வருஷமா உங்க பேரச் சொல்லித்தான் நானும் தெருவுல நடக்குறேன். ஆனா நாளைக்கு இந்தக் கிலாஞ்சிய என்னால வாயில வைக்க முடியாது. நீங்க வேணா தின்னுங்க."

 ஆற்றக்கோயா எழுந்தார். துண்டை உதறித் தலையில் கட்டினார். "ஒரு சூட்டுக் கொளுத்து" என்றார்.

காய்ந்த தென்னோலையைச் சுருட்டிக் கட்டிய சூட்டைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்னால், அதற்குப் பின்னால் செறியகோயாவும் நானும். அன்றைக்குத்தான் கவனித்தேன், ஆற்றக்கோயா அடி எண்ணி நடக்கிறார். உதடு அசைந்துகொண்டிருந்தது. துஆ ஓதுகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பள்ளிக் குளத்தில் ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் தக்பீர் சொல்லிக் கூத்தடித்தார்கள். நகரா அடிக்கிறவன் தோலைச் சூட்டில் காட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தான். சைனபி மதிலுக்கு வெளியே நின்றுகொண்டாள். காஜியார் வாசலுக்கு வந்தார்.

"என்ன ஆற்றா, பெருநாள் சோறு இப்பவே ஆச்சா?"

"காஜியாரே, நான் சொன்னத் திருப்பி எடுத்துக்கிறேன்."

"எதை எடுத்துக்கிறே?"

"பிறைய."

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். செறியகோயா நடந்ததைச் சொன்னான், திக்கித் திக்கி, ஆனால் ஒன்றையும் விடாமல். ஓடத்தில் பறவை காட்டுகிற கதையையும் சேர்த்துச் சொன்னான். கூட்டத்தில் யாரோ, "அடப்பாவி, ரெண்டு வருஷமா குருடனையா அணியத்துல நிறுத்துனீங்க?" என்றான். இன்னொருவன், "ஆடு அறுத்தாச்சு காஜியாரே! பொம்பள பேச்சக் கேட்டு வந்து நிக்கிறாரு, அத வச்சு நிறுத்தாதீங்க" என்று கத்தினான்.

காஜியார் கையை உயர்த்தினார். "ஆற்றா, ஒண்ணு சொல்லு. நீ பாக்கலேங்கிறியா?"

"தெரியல காஜியாரே. அதான் சொல்ல வந்தேன். ஏதோ வெளுப்பாத் தெரிஞ்சுது. எனக்கு இப்பல்லாம் எல்லாமே வெளுப்பாத்தான் தெரியுது."

காஜியார் அவரையே வெறித்துக்கொண்டு நின்றார். கோபம் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. "நானும் அங்கதான் நின்னேன்" என்றார் கடைசியில். "எனக்கு ஒண்ணும் தெரியல. நீ கத்தின ஒடனே நான் வானத்தப் பாக்குறத விட்டுட்டேன். இருபத்தாறு வருஷமா நான் வானத்தப் பாக்கல ஆற்றா. உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்துருக்கேன்."

திரும்பி நகராக்காரனிடம், "மூடி வை" என்றார். "சாட்சி இல்ல. நாளைக்கு நோன்பு. முப்பத முடிக்கணும்."

அன்றைக்கு எழுந்த கூச்சலை நான் எழுத முடியாது, எழுதவும் கூடாது.

மறுநாள் முந்தின நாளைவிடக் கொடிய வெயில். அறுத்த கறிக்கு வீட்டுக்கு வீடு உப்புத் தடவினார்கள். ஆட்டிய மாவு புளித்துப் பொங்கியது. நோன்பில் வாய் வறண்டவர்கள் எல்லாரும் அந்த எரிச்சலைச் சைனபி வீட்டு வேலியில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஹாஜராபி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "ஏன் சைனபி, உன் வீட்டு நெலா இன்னைக்காவது வருமா? இல்ல, அதுக்கும் ஜெனரேட்டரு கெட்டுப்போச்சா?"

"வந்தா மொதல்ல உனக்குத்தான் ஆளனுப்புவேன்" என்றாள் சைனபி. உள்ளே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். ஆற்றக்கோயா தாய் வீட்டுக்கும் போகாமல் நாள் முழுக்கப் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஓடத்துக்காரர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மேற்குக் கரைக்குத் தீவே வந்தது. பெண்களும் வந்தார்கள். சைனபி கட்டாயப்படுத்தி ஆற்றக்கோயாவை அழைத்து வந்தாள். யாரும் அவர்களுக்கு அருகில் நிற்கவில்லை. மேகம் துளி இல்லை. சூரியன் இறங்கிய கையோடு, தேட வேண்டிய வேலையே வைக்காமல், பிறை நின்றது. நல்ல தடிமனாக, நல்ல உயரத்தில்.

 ஒருவன் கத்தினான்: "நேத்துப் பிறைடா இது!"

"ரெண்டாம் பிறை! இன்னைக்கு முளைச்ச பிறை இவ்வளவு தடியாவா இருக்கும்?"

"அப்போ இன்னைக்குத்தான் பெருநாளு. பெருநாள் அன்னைக்கு நோன்பே கூடாது, பிடிக்க வச்சுட்டாளே!"

பிறையின் தடிமனை வைத்து நாள் கணக்குப் போடக் கூடாது, காணாதவர்மேல் குற்றமில்லை என்று காஜியார் தொண்டை கிழியச் சொன்னார். யார் கேட்டார்கள்? பெண்கள் சைனபியை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நான் அவள் பக்கம் போய் நின்றேன். அதைத் தவிர என்ன செய்ய?

அதே கூட்டம் இன்னொரு பக்கம் ஆற்றக்கோயாவைச் சூழ்ந்துகொண்டது. நேற்று குருடன் என்று கத்தியவனே அவர் தோளைப் பிடித்தான். "ஆற்றக்கோயா காக்கா, நீங்க கண்டது சரியாப் போச்சு! உங்க கண்ணுக்கா புரை? பெருநாள் முடிஞ்சு ஓடம் எறங்கும்போது நீங்கதான் அணியத்துல. எவன் தடுக்குறான் பாப்போம்!"

ஆற்றக்கோயாவின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாளில் முதல் தடவையாக அதில் ரத்தம் ஓடியது. ஒரு வார்த்தை போதும், எல்லாம் திரும்பிவிடும். அவருக்கு அது தெரியும். சைனபிக்கும் தெரியும்.

அவர் முகத்தைத் தூக்கி மேற்கே பார்த்துக்கொண்டு, "சைனபி, எப்படி இருக்கு?" என்றார்.

"பெருசா இருக்கு" என்றாள். "தடியா, ஒசரமா. அவங்க சொல்றது பொய்யில்ல."

"அப்போ நேத்து இருந்துருக்கும்."

"இருந்துருக்கலாம்."  ஆனாலும் சொன்னாள். "நீங்க பாக்கலையே."

கூட்டத்தில் யாரோ அவளை அடங்கச் சொல்லி அதட்டினார்கள். ஆற்றக்கோயா தோளிலிருந்த கையை விலக்கினார்.

"அவ சொல்றதுதான் சரி" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நான் பாக்கல. இந்தா, இவ்வளவு பெருசுங்கிறீங்களே, அது எந்தப் பக்கம் இருக்குன்னு இப்பவும் எனக்குத் தெரியல."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது பிறைக்கு ரொம்ப வடக்கே, வெறும் வானத்தை. அப்போதுதான் எல்லாரும் அதைக் கவனித்தார்கள்.

பள்ளிப் பக்கமிருந்து நகரா முழங்க ஆரம்பித்தது. சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி அவர் கையை நீட்டினார். கரையில் நின்ற அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் அந்தக் கை காட்டிய பக்கம் பார்த்தார்கள்.

"கையப் பிடி சைனபி" என்றார். "வீட்டுக்குப் போகணும்."